உறையில் அச்சிட்ட எண்ணும் உள்ளே இருக்கும் மின்தேக்கியும்: ஒரு பழைய தாய்ப்பலகையின் பழுதுநீக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள ஒரு வார்ப்பாலையிலிருந்து என்னிடம் வந்த கணினி, பார்வைக்குப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட வேண்டிய பொருளாகவே தோன்றியது. ஆனால் அந்த வார்ப்பாலையில் உருக்கப்படும் ஒவ்வொரு கொப்பரை இரும்பிலும் கார்பனும் சிலிக்கனும் மாங்கனீசும் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டர், அந்த ஒரு கணினியோடு மட்டுமே பேசும். கருவியின் இடைமுக அட்டை பழைய பிசிஐ வகையைச் சேர்ந்தது; அதற்கான டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது; மென்பொருளின் உரிமம் பேரலல் போர்ட்டில் செருகும், டாங்கிள் என்ற சிறு உரிமச் செருகியில் இருக்கிறது. கணினி நின்றால் மாதிரிச் சோதனை நிற்கும். சோதனை நின்றால் உலையில் உள்ள இரும்பை அச்சில் ஊற்ற முடியாது. புதிய ஸ்பெக்ட்ரோமீட்டரின் விலை பல இலட்சங்களைத் தாண்டும் என்பதால், இந்தத் தாய்ப்பலகையைக் காப்பாற்றுவது பழமையின் மீதுள்ள பற்றினால் எழுந்த வேலை அன்று.

பலகை 2004 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்டெல் 865 சிப்செட், செயலி அமரும் சாக்கெட் 478, 2.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலி. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். ஐந்தாறு முறை முயன்ற பிறகு ஒருமுறை உயிர் பெறும். பெற்ற பின் ஓரளவு ஒழுங்காக ஓடும். மதியத்துக்கு மேல் திடீரென நீலத்திரை காட்டி மறுதொடக்கம் செய்யும். குளிர்ந்த நிலையில் எழ மறுத்து, சற்றுச் சூடானதும் எழும் இந்தக் குணம், மின்னூட்டத்தைச் சேமித்து வேண்டும்போது விடுக்கும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) உலர்ந்துவருவதற்கே உரியது. வெப்பம் ஏறும்போது அவற்றினுள் இருக்கும் மின்பகுதிரவத்தின் கடத்துதிறன் கூடி உள்மின்தடை குறைவதால், செத்துக்கொண்டிருக்கும் மின்தேக்கியும் சற்று நேரம் வேலை செய்வதுபோல் காட்டும்.

மூடியைத் திறந்ததும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. செயலியைச் சுற்றியிருந்த மின்தேக்கிகளில் ஐந்தின் தலை உப்பியிருந்தது. இரண்டின் தலையில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து படிந்திருந்தது. ஆனால் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. உப்பிய ஐந்தும் பலகையோடு பிறந்தவை அல்ல. ஐந்து மாதங்களுக்கு முன் வேறு யாரோ ஒருவர் மாற்றியவை அவை. பழுதான மூலப்பாகங்களைக் கழற்றி, அவற்றின் உறையில் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்து, அதே 1000 மைக்ரோஃபாரட் (மின்தேக்குத்திறனின் அளவு) 16 வோல்ட், அதே 2200 மைக்ரோஃபாரட் 6.3 வோல்ட் என்று கடையில் கேட்டு வாங்கி, பற்றவைப்பில் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஒழுங்காகப் பொருத்தியிருந்தார். எண்கள் சரி, துருவங்கள் சரி, சால்டர் சரி. ஆயினும் ஐந்து மாதத்தில் உப்பிவிட்டன. இந்த ஆய்வு முழுவதும் அந்த ஐந்து மின்தேக்கிகள் எழுப்பிய கேள்விக்கான விடைதான்.

முதலில் மூலப்பாகங்கள் ஏன் பழுதாயின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது மாற்றுப்பாகத் தேர்வையும் தொடுகிறது. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி என்பது, மேற்பரப்பு அரிக்கப்பட்டு மெல்லிய ஆக்சைடு படலம் ஏற்றப்பட்ட ஒரு அலுமினியத் தாளும், மற்றொரு அலுமினியத் தாளும், இடையில் மின்பகுதிரவத்தில் ஊறிய காகிதமும் சேர்த்துச் சுருட்டப்பட்ட ஒரு சுருள். உள்மின்தடையைக் குறைப்பதற்காகத் திரவத்தில் நீரின் பங்கை மிகுதியாக்கிய வகைகள் 1990களின் இறுதியில் பரவின. நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். அதைத் தடுக்க உரிய தடுப்பிகளைத் திரவத்தில் சேர்க்க வேண்டும். அந்தத் தடுப்பிகள் இல்லாத அல்லது போதாத திரவத்தோடு கோடிக்கணக்கான மின்தேக்கிகள் சந்தைக்கு வந்ததே 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் தாய்ப்பலகைகள் மாண்டதற்குக் காரணம். கிரெய்க் ஹில்மனும் நார்மன் ஹெல்மோல்டும் 2004 இல் பழுதான மின்தேக்கிகளின் திரவத்தைப் பகுத்தாய்ந்து, தேவையான சேர்மானங்கள் அதில் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். மின்தேக்கியின் தலையில் சிலுவை போலவோ கே எழுத்துப் போலவோ கீறியிருக்கும் கோடு, உள்ளே வாயு அழுத்தம் ஏறும்போது பாதுகாப்பாகப் பிளந்து வழிவிடுவதற்காகப் போடப்பட்டது. உப்பிய தலை அந்த அழுத்தத்தின் சாட்சி.

இதை மலிவுப் பெயர்களின் குற்றமாக மட்டும் பார்ப்பது தவறாகும். டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 போன்ற கணினிகளில் இருந்தவை நிச்சிக்கான் என்ற புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் மின்தேக்கிகளே. அந்தச் சிக்கலுக்காக டெல் 2005 இல் 30 கோடி டாலரைச் செலவாக ஒதுக்க நேர்ந்தது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பாகங்களோடு 2003 மே முதல் 2005 ஜூலை வரை குறைந்தது 1 கோடியே 18 இலட்சம் கணினிகள் அனுப்பப்பட்டன என்பது பின்னர் வழக்கு ஆவணங்கள் வழியாக 2010 இல் வெளியே வந்தது. எனவே நல்ல பெயர் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. எந்தத் தொடர், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பழைய இருப்பு இன்னும் சில இடங்களில் விற்பனைக்குக் கிடைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். செயலிக்கு அருகில் இருக்கும் மின்தேக்கிகளை நாம் ஒரே கூட்டமாகப் பார்த்தாலும், அவை இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. பவர் சப்ளையிலிருந்து நான்கு முனைச் செருகி வழியாக வரும் 12 வோல்ட்டை, ஏறத்தாழ 1.5 வோல்ட்டாக இறக்கிச் செயலிக்குக் கொடுப்பது மாறிமாறி வேலை செய்யும் மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சீராக்கி. அதன் 12 வோல்ட் பக்கத்தில் மூன்று மின்தேக்கிகள், 1.5 வோல்ட் பக்கத்தில் ஏழு. முதல் மூன்றும் சீராக்கியின் சுவிட்சுகள் விட்டுவிட்டு இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்கின்றன. பின்னுள்ள ஏழும் செயலி திடீரெனப் பசியெடுத்துக் கேட்கும் மின்னோட்டத்தை, சீராக்கி விழித்துக்கொள்ளும் வரை, தம் இருப்பிலிருந்து கொடுக்கின்றன.

12 வோல்ட் பக்கத்து, அதாவது உள்ளீட்டுப் பக்கத்து மூன்றின் சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தச் செயலி முழு வேலையில் சுமார் 70 வாட் எடுக்கும், 1.5 வோல்ட்டில் அது 45 ஆம்பியருக்குச் சற்று மேல். வெளியீட்டு மின்னழுத்தத்தை உள்ளீட்டால் வகுத்தால் 0.125, சுவிட்சுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டத்தை விடும் நேரத்தின் பங்கு அதுதான். மூன்று கட்டச் சீராக்கியில் உள்ளீட்டு மின்தேக்கிகளின் வழியே ஏறி இறங்கி ஓடும் சிற்றலை மின்னோட்டம், இந்தப் பங்கையும், மூன்றில் ஒன்றிலிருந்து இந்தப் பங்கைக் கழித்த மீதியையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை வெளியீட்டு மின்னோட்டத்தால் பெருக்கக் கிடைக்கும். நமது பலகைக்கு அது ஏறத்தாழ 7.2 ஆம்பியர். மூன்றும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 2.4 ஆம்பியர். விரல்நுனி அளவுள்ள ஒரு சிறு குப்பிக்குள் நொடிக்கு இலட்சக்கணக்கான முறை போய்வரும் 2.4 ஆம்பியர் என்பது சிறிய சுமை அன்று.

இந்த மின்னோட்டம் மின்தேக்கியின் உள்மின்தடையில் வெப்பமாகிறது. தாய்ப்பலகைக்கென்றே செய்யப்பட்ட மூலப்பாகத்தின் இ.எஸ்.ஆர்., அதாவது அந்த உள்மின்தடை, 20 மில்லிஓமுக்கும் கீழே இருக்கும். 18 என்று வைத்தாலும் வெப்பம் 0.1 வாட்தான். முன்பு மாற்றப்பட்டிருந்தவை 85 டிகிரி எனக் குறிக்கப்பட்ட பொதுப்பயன் மின்தேக்கிகள். அந்த வகையின் தரவுத்தாள்களில் இ.எஸ்.ஆர். என்ற வரியே பெரும்பாலும் இருக்காது. உள்ளே ஏற்படும் இழப்பைச் சொல்லும் இழப்புக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு மட்டும் 120 ஹெர்ட்ஸில் இருக்கும். 16 வோல்ட் வகைக்கு அது 0.16 என்றால், 1000 மைக்ரோஃபாரட்டுக்கு 120 ஹெர்ட்ஸில் 0.21 ஓம் வருகிறது. உயர் அதிர்வெண்ணில் அது குறையும். அதே வகையில் புதியதாக ஒன்றை வாங்கி என் மீட்டரில் 100 கிலோஹெர்ட்ஸில் அளந்தபோது ஏறத்தாழ 0.1 ஓம் காட்டியது. அப்படியானால் அதில் எழும் வெப்பம் 0.58 வாட், மூலப்பாகத்தைப்போல் ஐந்தரை மடங்கு. இரண்டின் உறையிலும் அச்சிட்ட எண் ஒன்றே.

ஐந்து மாதம் என்ற கணக்கும் இங்கேயே தெளிவாகிறது. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இரு மடங்காகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது இத்துறையின் பழைய, நம்பத்தக்க விதி. ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்த அறை குளிரூட்டப்பட்டதுதான். ஆனால் கணினியோ மேசைக்குக் கீழே ஒரு மூடிய மரப்பெட்டிக்குள், விசிறியின் இதழெங்கும் கரியும் இரும்புத்தூளும் அப்பிய நிலையில் இருந்தது. செயலியின் ஹீட்சிங்க்கை ஒட்டிய மின்தேக்கியின் தலையில் தெர்மோகப்பிளை வைத்து அளந்தபோது 64 டிகிரி இருந்தது. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று உறுதி தரப்பட்ட பாகம், 65 டிகிரியில் 8000 மணி நேரம் தாங்கும். அதன் உள்ளே எழும் சொந்த வெப்பம் மேலும் 20 டிகிரியைக் கூட்டினால் மீண்டும் 2000 மணி நேரத்துக்கே வந்துவிடும். வார்ப்பாலையில் இரண்டு ஷிஃப்ட். நாளுக்கு 16 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள், ஆக 416 மணி நேரம். 2000 ஐ அதனால் வகுத்தால் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இத்தகைய கணக்குகள் நடைமுறையோடு இவ்வளவு நெருங்கி ஒத்துப்போவது அரிது. இதில் ஓரளவு தற்செயலும் இருக்கலாம். ஆனால் திசை பிசகவில்லை.

செயலிப் பக்கத்து ஏழின் கதை வேறு. அங்கே வெப்பத்தைவிட மின்னழுத்தச் சரிவே முதன்மையான கேள்வி. மூலப்பாகங்களின் இ.எஸ்.ஆர். 13 மில்லிஓம் என்று கொண்டால், ஏழும் இணையாகச் சேரும்போது 1.9 மில்லிஓம்கூட இல்லை. செயலி ஒரே கணத்தில் 20 ஆம்பியர் கூடுதலாகக் கேட்டால் மின்னழுத்தம் 37 மில்லிவோல்ட் இறங்கும், அது பொறுக்கக்கூடியது. ஏழிலும் 100 மில்லிஓம் பொதுப்பயன் பாகங்களைப் போட்டால் அதே கணத்தில் 286 மில்லிவோல்ட் இறங்கும். 1.5 வோல்ட்டில் ஓட வேண்டிய செயலி 1.2 வோல்ட்டுக்கு வந்தால் நீலத்திரை வருவதில் வியப்பில்லை. சாக்கெட்டின் நடுவில் இருக்கும் சிறு செராமிக் மின்தேக்கிகள் மிக வேகமான பகுதியைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் உண்மையான சரிவு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆயினும் வேறுபாட்டின் அளவு இதுதான்.

ஆகவே மாற்றுப்பாகம் தேடும்போது மின்தேக்குத்திறனும் மின்னழுத்தமும் வாசற்படி மட்டுமே. பாகம் தாங்கும் மின்னழுத்தம் அந்த இடத்தில் ஓடும் மின்னழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மின்தேக்குத்திறன் சற்று முன்பின் இருக்கலாம். இ.எஸ்.ஆரும் சிற்றலை மின்னோட்டத் தாங்குதிறனும் 100 கிலோஹெர்ட்ஸில், 105 டிகிரியில் எவ்வளவு என்று தரவுத்தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரி இல்லாத பாகத்தை இந்த இடத்துக்கு நான் எடுப்பதில்லை. பிறகு உடலளவு. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ளவற்றின் கால்களுக்கு இடையே 3.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ளவற்றுக்கு 5 மில்லிமீட்டர் என்பதே வழக்கம். உயரம் ஹீட்சிங்க்கின் பிடிப்புக் கம்பியில் இடிக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. 2004 இல் தாய்ப்பலகைகளுக்கென்றே செய்யப்பட்ட மிகக் குறைந்த இ.எஸ்.ஆர். கொண்ட திரவ மின்தேக்கித் தொடர்கள் பலவற்றின் உற்பத்தி இன்று நின்றுவிட்டது. அவற்றின் இடத்தை, திரவத்துக்குப் பதிலாக மின்சாரம் கடத்தும் பாலிமரைக் கொண்ட திடப் பாலிமர் மின்தேக்கிகள் பிடித்துக்கொண்டன. திரவ வகையில் இன்று நம்பி வாங்கக்கூடியவை பானசோனிக் எஃப்ஆர் போன்ற தொடர்கள். 10 மில்லிமீட்டர் விட்டத்தில் அவற்றின் மின்மறுப்பு, 100 கிலோஹெர்ட்ஸில் இ.எஸ்.ஆரோடு ஒப்பிடத்தக்க அளவு, ஏறத்தாழ 20 மில்லிஓம். நல்ல பாகங்கள்தான், ஆனால் மூலத்தின் 13 ஐ அவை எட்டவில்லை. பாலிமரோ 7 மில்லிஓம் வரை இறங்குகிறது. உலர்ந்துபோகத் திரவமே இல்லாததால் 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகிறது. 105 டிகிரியில் 2000 மணி என்றால் 65 டிகிரியில் 2 இலட்சம் மணி. அப்படியானால் எல்லாவற்றையும் பாலிமராகவே மாற்றிவிடலாமே என்று தோன்றும். உள்ளீட்டுப் பக்கத்தைப் பொறுத்தவரை என் முடிவும் அதுவே. 16 வோல்ட், 470 மைக்ரோஃபாரட், 10 மில்லிமீட்டர் விட்டம், 10 மில்லிஓம் அளவிலான பாலிமர் மூன்று. ஒவ்வொன்றும் 5 ஆம்பியருக்கு மேல் சிற்றலையைத் தாங்கும்; நமக்கு வேண்டியது 2.4 தான். மின்தேக்குத்திறன் பாதிக்கும் கீழே குறைகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அந்த இடத்தில் சுவிட்சின் ஒவ்வொரு சுழற்சியிலும் செலவாகும் மின்னூட்டம் மிகச் சிறிது.

வெளியீட்டுப் பக்கத்தில் நான் அவ்வளவு எளிதில் முடிவெடுக்கவில்லை. பாலிமரில் கிடைப்பது 2.5 வோல்ட், 820 மைக்ரோஃபாரட். மூலமோ 2200. சீராக்கியைக் கட்டுப்படுத்தும் சிப், வெளியீட்டு மின்தேக்கியின் மதிப்பும் அதன் இ.எஸ்.ஆரும் இன்ன அளவில் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு, ஊசலாடாதபடி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது. 2200 மைக்ரோஃபாரட்டும் 13 மில்லிஓமும் சேர்ந்தால் அந்த இணையின் திருப்பு அதிர்வெண் (எந்த அதிர்வெண்ணுக்கு மேல் மின்தேக்குத்திறனைவிட இ.எஸ்.ஆரே ஆதிக்கம் செலுத்துகிறதோ அது) 5.5 கிலோஹெர்ட்ஸ், 820 உம் 7 உம் சேர்ந்தால் 28 கிலோஹெர்ட்ஸ். ஐந்து மடங்கு தள்ளிப்போகும் இந்த மாற்றத்தைச் சில சீராக்கிகள் பொறுத்துக்கொள்ளும், சில ஊசலாடும். பழுதுநீக்குவோர் பலர் முழுவதையும் பாலிமராக்கி வெற்றி கண்டிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அது எல்லாப் பலகைக்கும் பொருந்தும் என்று கொள்வது சூதாட்டம். என்னிடம் இதே சிப்செட்டும் இதே சீராக்கிச் சிப்பும் கொண்ட, வேறு காரணத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு பலகை இருந்தது. அதில் ஏழையும் பாலிமராக மாற்றி, செயலியின் சுமையை ஏற்றியும் இறக்கியும், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். ஒவ்வொரு சுமைத் தாவலுக்குப் பின்னும் மின்னழுத்தம் ஒரே அடியில் நிலைகொள்ளாமல் நான்கைந்து அலைகளாக ஆடி அடங்கியது. கணினி ஓடியது, ஒருவேளை ஆண்டுக்கணக்கில் ஓடியும் இருக்கும். ஆனால் வார்ப்பாலைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே கலந்து போட்டேன். சாக்கெட்டை ஒட்டிய, மிகச் சூடான நான்கு இடங்களில் 820 மைக்ரோஃபாரட் பாலிமர். சற்றுத் தள்ளியுள்ள மூன்று இடங்களில் 2200 மைக்ரோஃபாரட் எஃப்ஆர். மொத்த இ.எஸ்.ஆர். 1.4 மில்லிஓமுக்கு வருகிறது. 20 ஆம்பியர் தாவலுக்குச் சரிவு 28 மில்லிவோல்ட், மூலத்தைவிடக் குறைவு. உயர் அதிர்வெண் சுமையைப் பாலிமர்கள் ஏற்றுக்கொள்வதால் திரவ வகையினுள் வெப்பம் குறைகிறது. மெதுவான பெரிய தேவைக்குத் திரவ வகையின் பெருந்திறன் பக்கபலமாக நிற்கிறது. அதே ஒதுக்கப்பட்ட பலகையில் இந்தக் கலவையைச் சோதித்தபோது ஆட்டம் ஓர் அலையோடு அடங்கியது. முழுப் பாலிமர் நவீனமானது, முழுத் திரவம் பழமையானது என்ற கண்ணோட்டமே இங்கு உதவாது. அந்த இடம் என்ன கேட்கிறது என்பதுதான் கேள்வி.

பலகையின் மற்ற இடங்களில் சிதறியிருந்த 1000 மைக்ரோஃபாரட் 6.3 வோல்ட் மின்தேக்கிகள் ஒன்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் ஒன்றும் உப்பவில்லை. கழற்றி அளந்தபோது நான்கின் மின்தேக்குத்திறன் 200 மைக்ரோஃபாரட்டுக்கும் கீழே இருந்தது, இ.எஸ்.ஆர். ஒரு ஓமைத் தாண்டியிருந்தது. தலை தட்டையாக இருப்பது நலத்தின் அடையாளம் ஆகாது. இன்னொன்று 1900 மைக்ரோஃபாரட் காட்டியது. அது அதிசயம் இல்லை, கசிவு மின்னோட்டம் மிகுந்த மின்தேக்கியை மலிவான சோதனைக்கருவிகள் பெரிய மதிப்பாகத் தவறாகப் படிப்பதுண்டு. ஒன்பதையும் 8 மில்லிமீட்டர் எஃப்ஆர் கொண்டு மாற்றினேன். மீதமிருந்த 2.5 வோல்ட் பாலிமர்களை இங்கே பயன்படுத்தும் ஆசை யாருக்கும் எழலாம். கூடவே கூடாது. டிடிஆர் நினைவகத்தின் மின்னழுத்தம் இந்தப் பலகையில் 2.6 வோல்ட், வேறு சில இடங்களில் 3.3 உம் 5 உம் ஓடுகின்றன. எந்த மின்தேக்கி எந்த மின்னழுத்தத்தில் நிற்கிறது என்பதைப் பலகை ஓடும்போதே மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து ஒரு தாளில் வரைந்துகொண்ட பிறகே நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். ஒலிப்பகுதியை ஒட்டிய சிறிய 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் சரியாக அளந்தன, அவற்றைத் தொடவில்லை.

வாங்குவதில் ஒரு வாரம் போயிற்று. நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடமிருந்து இணையவழி வாங்கினால் பாகத்தின் விலையைவிட அனுப்பும் செலவு கூடுதலாக வரும். ஆயினும் அதையே செய்தேன். நல்ல நிறுவனத்தின் உறையை மலிவான குப்பிக்குப் போர்த்தி விற்பதும், பெரிய குப்பிக்குள் சிறிய மின்தேக்கியை வைத்து அடைப்பதும் நடக்கின்றன. வந்த ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன் மின்தேக்குத்திறனும் இ.எஸ்.ஆரும் அளந்து, தரவுத்தாளோடு ஒப்பிட்டு, தனித்தனிச் சிறு உறைகளில் போட்டு எழுதிவைத்தேன்.

கழற்றும் வேலை பொறுமையைக் கேட்பது. மின்தேக்கியின் எதிர்க்கால், பலகையின் உள்ளடுக்கில் பரந்திருக்கும் தரைச் செப்புத் தகட்டோடு இணைந்திருப்பதால், அயர்னின் வெப்பத்தையெல்லாம் அந்தத் தகடு குடித்துவிடும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு போராடினால் துளையின் உட்சுவரே பிய்ந்து வந்துவிடும். அதன்பின் பலகைக்கு வைத்தியம் கடினம். 60 வாட் அயர்னில் அகலமான முனை, அடியிலிருந்து வெந்நீரை ஒத்த மிதமான சூடு, ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் புதிய 63/37 வெள்ளீய-ஈயச் சால்டர் கொஞ்சம் சேர்த்து உருகவைத்தல், பிறகு ஒரு காலையும் மறுகாலையும் மாறிமாறிச் சூடாக்கி மின்தேக்கியை மெல்ல ஆட்டிக் கழற்றுதல் என்பதே என் வழி. துளையில் தங்கும் சால்டரை, அதனோடு ஒட்டாத துருப்பிடிக்காத எஃகு ஊசியால் திறக்கலாம். துரப்பணம் போடக் கூடாது. கசிந்த திரவம் பலகையில் படிந்திருந்த இடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இருமுறை துடைத்தேன். துருவத்தைப் பொறுத்தவரை அச்சிட்ட வட்டத்தில் நிழலிட்ட பாதி எதிர்முனை என்று பழக்கத்தால் எண்ணிவிடக் கூடாது. சில தயாரிப்பாளர்கள் அதை நேர்முனைக்கு வைக்கிறார்கள். கழற்றுவதற்கு முன் எடுத்த நிழற்படமும், எதிர்க்காலுக்கும் தரைக்கும் இடையிலான தொடர்ச்சிச் சோதனையும் இருந்தால் ஐயம் எழாது. 8 மில்லிமீட்டர் பாலிமரின் கால்களை 5 மில்லிமீட்டர் துளைக்கு ஏற்ப விரித்துப் பொருத்தும்போது, கால் உடலிலிருந்து வெளிவரும் இடத்தில் இழுவிசை விழாதபடி சிறு இடுக்கியால் பிடித்து வளைக்க வேண்டும்.

பலகையோடு வந்த பவர் சப்ளையையும் திறந்தேன். மின்தேக்கிகள் உப்பிய கணினியில் பவர் சப்ளை மட்டும் நலமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. உள்ளே, கணினி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கொடுக்கும் 5 வோல்ட் காத்திருப்பு வழியில் இருந்த மின்தேக்கி ஒன்று பழுதாகியிருந்தது. காலையில் விசிறி ஒரு சுற்றோடு நின்றதில் அதற்கும் பங்குண்டு. இதை யாரும் பார்த்துச் செய்ய முனைந்தால் ஒன்றை மறக்கக் கூடாது: நம் 230 வோல்ட் மின்சாரத்தில் முதன்மைப் பக்கப் பெரிய மின்தேக்கி 320 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது அப்படியே இருக்கக்கூடும். அளந்து, தகுந்த மின்தடை வழியே இறக்கி, மீண்டும் அளந்த பிறகே கை வைக்க வேண்டும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது நான் அந்த பென்டியத்தைப் பொருத்தவில்லை. கையிருப்பில் இருந்த, செலரான் என்ற மலிவான செயலி ஒன்றைப் போட்டேன். செயலிக்கு மின்சாரம் செல்லும் வழியில் குறுக்கிணைப்பு இல்லை என்பதை அதற்கு முன்பே உறுதிசெய்திருந்தேன். முதல் அழுத்தத்திலேயே பலகை எழுந்தது. மின்னழுத்தம் நிலையாக இருப்பதைக் கண்ட பின் பென்டியத்தை மாற்றி, பழுதுக்கு முன் எடுத்து வைத்திருந்த அளவோடு ஒப்பிட்டேன். முழுச் சுமையில் செயலி வழியின் சிற்றலை முன்பு 190 மில்லிவோல்ட், இப்போது 24. நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டதில் ஒரு பிழையும் வரவில்லை. இருபது ஆண்டுப் பழைய பயாஸ் மின்கலத்தையும் மாற்றி, ஹார்டு டிஸ்க்கின் முழு நகலை இரண்டு இடங்களில் எடுத்து வைத்தேன்; தாய்ப்பலகை பிழைத்து டிஸ்க் போனால் அந்த ஆலைக்கு விளையும் கேடு ஒன்றே.

கணினியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஆய்வகப் பொறுப்பாளரிடம் அந்த மரப்பெட்டியைப் பற்றிப் பேசினேன். “தூசு படாம இருக்கணும்னுதான் சார் உள்ள வச்சோம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெட்டியின் பின்பலகையை எடுத்துவிட்டு, முன்பக்கம் ஒரு வடிகட்டித் துணியும் உள்ளே காற்றைத் தள்ளும் விசிறியும் பொருத்தச் சொன்னேன்; அவரே அடுத்த நாள் தச்சரை வரவழைத்து முடித்துவிட்டார். அடுத்த கோடையில், ஏப்ரல் இறுதியில் சென்று அளந்தபோது, முன்பு 64 டிகிரி காட்டிய அதே இடத்தில் 51 டிகிரி இருந்தது. எஃப்ஆர் மூன்றின் இ.எஸ்.ஆரைப் பலகையிலேயே அளக்க முயல்வது வீண், ஏனெனில் பாலிமர்கள் இணையாக நின்று அளவை மறைத்துவிடும்; ஆகவே சிற்றலையை மட்டும் பார்த்தேன். 25 மில்லிவோல்ட்.

கணினிப் பெட்டியின் உட்பக்கக் கதவில், எந்த இடத்தில் எந்தப் பாகம், என்ன தொடர், எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது, அந்த இடத்தில் ஓடும் மின்னழுத்தம் எவ்வளவு என்று எழுதிய ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். முதல் வரியில், செயலி வழியின் நான்கு பாலிமர்களும் 2.5 வோல்ட் வகை, இவற்றை வேறிடத்துக்கு மாற்ற வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.